உழைச்செல்வானின் முறை: குற்றாலச் சாரல் மரபும் பக்கவாத நோயரைப் பேணுவோரின் ஓய்வும்

ஆய்வுச் சுருக்கம்

பக்கவாதத்தால் தாக்குண்டோரும் அவர்களைப் பேணும் குடும்பத்தாரும் சில நாள்கள் ஓரிடத்தில் தங்கி இளைப்பாறும் ஓய்வு முகாம், மேலைநாட்டு வழக்கமாகவே பெரிதும் அறியப்படுகிறது. தென்காசி வட்டாரத்திலோ உடல்நலம் நாடி மலையடிவாரத்தில் சென்று தங்கும் மரபு நெடுங்காலமாக உண்டு. அம்மரபில் ஓய்வு யாருக்கு உரியதாக இருந்தது, நோயரின் அருகிருந்து உழைத்தவர் அதில் எங்கு நின்றார் என்னும் வினாக்களை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. திருக்குறள் உரைமரபு, சித்த மருத்துவம், குற்றாலக் கோயில் வழிபாடு, ஆங்கிலேயர் கால ஓய்விடம், விடுதலைக்குப் பிந்தைய மறுவாழ்வு நிறுவனங்கள், அண்மைக் காலச் சட்டங்கள் ஆகியன ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. கோயிற்பணியிலும் குளத்துப் பாசனத்திலும் வழங்கிவரும் ‘முறை’ என்னும் ஏற்பாடே பேணுவோரின் ஓய்வுக்குப் பொருந்தும் உள்ளூர் அடித்தளம் என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: பக்கவாதம், உழைச்செல்வான், பேணுநர், குற்றாலம், சாரல், தைலம், முறை, ஆய்க்குடி, ராயகிரி.

1. முன்னுரை

ராயகிரி, தென்காசி மாவட்டம் சிவகிரி வட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே அமைந்த பேரூராட்சி ஆகும். 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து தென்காசி மாவட்டம் பிரிக்கப்பட்டபோது ராயகிரியும் குற்றாலமும் ஒரே புதிய மாவட்டத்திற்குள் வந்தன. ஆனி, ஆடி மாதங்களில் ‘சாரல் விழுந்துவிட்டது’ என்னும் செய்தி பரவியதும் குடும்பத்தோடு வேன் பிடித்துக் குற்றாலம் சென்று குளித்துத் திரும்புவது இவ்வட்டாரத்தார் வழக்கம். அந்த வேனில் ஏறாதவர் இருவர் உண்டு. ஒருவர் கை கால் விழுந்து படுக்கையில் இருப்பவர். மற்றவர் அவரைப் பார்த்துக்கொள்பவர்.

முதலாமவரைப் பற்றி மருத்துவ நூல்கள் மிகுதியாகப் பேசியுள்ளன. உலக அளவில் 2019ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 1 கோடியே 22 இலட்சம் பேர் புதிதாகப் பக்கவாதத்திற்கு ஆளாயினர் என நோய்ச்சுமை பற்றிய பன்னாட்டு ஆய்வு மதிப்பிட்டது. இரண்டாமவர் எந்தக் கணக்கிலும் தனியே எண்ணப்படுவதில்லை. அவருக்குரிய இடம் தமிழ் மருத்துவ மரபில் எவ்வாறு இருந்தது, குற்றாலம் ஓர் ஓய்விடமாக வளர்ந்த வரலாற்றில் அவர் எங்கு விடுபட்டார், இன்று அவருக்கு ஓய்வு அளிக்க முனைவோர் அவ்வரலாற்றிலிருந்து எதனைக் கொள்ளலாம், எதனைத் தள்ளலாம் என்பனவே இக்கட்டுரையின் ஆய்வுச் சிக்கல்கள்.

2. நாற்கூற்று மருந்தில் உழைச்செல்வான்

திருக்குறளின் 95ஆம் அதிகாரமான ‘மருந்து’, உணவளவையும் செரிமானத்தையும் பற்றியே பெரிதும் பேசி, இறுதிக் குறளில் (950) மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கிறது. நோயுற்றவன், நோயைத் தீர்க்கும் மருத்துவன், மருந்து, உழைச்செல்வான் என்பன அந்நான்கு. ‘உழை’ என்பதற்குப் பக்கம் என்று பொருள். நோயரின் பக்கத்தில் நின்று மருந்தை இயற்றிக் கொடுத்துப் பணிசெய்பவர் உழைச்செல்வான். சரகர், சுசுருதர் பெயரால் வழங்கும் வடமொழி மருத்துவ நூல்களிலும் இத்தகைய நால்வகைப் பகுப்பு உண்டு. ஆதலின் இஃது இந்திய மருத்துவ மரபுகளுக்குப் பொதுவான ஒரு சிந்தனை எனக் கொள்ளலாம்.

பரிமேலழகர் இக்கூறுகள் ஒவ்வொன்றையும் மேலும் நந்நான்காக விரிக்கிறார். நோயரிடத்து அன்புடைமை, மனமும் மொழியும் மெய்யும் தூய்மையாதல், சொல்லியவற்றைச் சொல்லியவாறே செய்து முடிக்கும் வன்மை, அறிவுடைமை ஆகியன பணிசெய்பவருக்குரிய இயல்புகளாக அவர் உரையில் இடம்பெறுகின்றன. மருத்துவத்தின் நான்கில் ஒரு பங்கு என்னும் உயர்ந்த இடம் பேணுபவருக்கு இங்குக் கிடைக்கிறது. எனினும் கூறப்பட்ட நான்கும் அவர் நோயருக்குச் செலுத்த வேண்டியவையே. அவர் சோர்ந்தால் யார் அவ்விடத்தில் நிற்பது என்னும் வினாவை மூலமும் உரையும் எழுப்பவில்லை.

சொல்லின் ஈறும் கருதத்தக்கது. ‘உழைச்செல்வான்’ ஆண்பாற் சொல். ஆனால் வீடுகளில் இப்பணி பெரும்பாலும் மனைவியிடமும் மகளிடமும் மருமகளிடமும் வந்து சேர்கிறது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டு வேலைகளில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களை அவற்றில் செலவிட்டனர். ஆண்கள் செலவிட்டவை 97 நிமிடங்கள். வீட்டாரைப் பேணும் பணியில் ஈடுபட்டோரில் பெண்களுக்கு 134 நிமிடங்களும் ஆண்களுக்கு 76 நிமிடங்களும் சென்றன.

தற்காலத் தமிழ் ஊதியம் பெறும் தாதியருக்குச் ‘செவிலியர்’ என்னும் பழஞ்சொல்லைப் புதுக்கி வழங்கியது. தலைவியை வளர்த்த சங்ககாலச் செவிலித்தாயின் பெயர் அவ்வாறு ஒரு தொழிலின் பெயராயிற்று. குடும்பத்தாருக்கோ அத்தகைய சொல் நிலைபெறவில்லை. மருத்துவமனைகளில் அவர் ‘அட்டெண்டர்’ அல்லது ‘கூட இருப்பவர்’. அரசு ஆவணங்களில் ‘பராமரிப்பாளர்’. பெயர் நிலைபெறாமை, அவர் பணி இயல்பானதாகக் கருதப்பட்டதன் அடையாளம் எனலாம்.

3. வாதம்: நோயின் பெயரும் பேணலின் உழைப்பும்

வளி, அழல், ஐயம் என்னும் மூன்றின் சமநிலையை உடல்நலமாகக் கொள்ளும் சித்த மருத்துவம், உடலின் ஒரு பாதி செயலிழப்பதை வளியின் கேடாகக் கண்டு வாத நோய்களுள் வைத்தது. யூகிமுனிவர் பெயரால் வழங்கும் வைத்திய சிந்தாமணி வாத நோய்களை 80 எனத் தொகுக்கிறது. பக்கவாதம், பாரிசவாயு என்னும் பெயர்கள் இம்மரபிலிருந்து பொதுவழக்கிற்கு வந்தவை. ‘கை கால் விழுந்துவிட்டது’, ‘ஒரு பக்கம் இழுத்துவிட்டது’ என மக்கள் கூறுவர். தற்கால மருத்துவம் இந்நோயை மூளைக் குருதிக்குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ நேர்வதாக விளக்குகிறது. அடைப்பைக் கரைக்கும் மருந்தை அறிகுறி தோன்றிய நான்கரை மணி நேரத்திற்குள் செலுத்த வேண்டும் என்கிறது.

அந்நான்கரை மணி நேரத்தில் மருத்துவருக்குள்ள பொறுப்பு பெரிது. அதன் பின்னர் வரும் ஆண்டுகளில் பொறுப்பு வீட்டிற்கு மாறுகிறது. படுக்கைப் புண் வராதிருக்க நோயரைச் சில மணி நேரத்திற்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்தல், விழுங்கத் தடுமாறுவோருக்குப் புரையேறாதவாறு சிறுகச் சிறுக ஊட்டுதல், கழிவகற்றி உடல் துடைத்தல், விறைத்த கை கால்களை நீட்டி மடக்கிப் பயிற்சி அளித்தல், சொல் வராதவரின் குறிப்பறிதல், இரவில் எழுந்து பார்த்தல் ஆகியன நாள்தோறும் நிகழ வேண்டியவை. இவற்றுள் எதனையும் மறுநாளைக்குத் தள்ளிவைக்க இயலாது.

சித்த மருத்துவத்தின் புறமருத்துவ முறைகளும் இவ்வுழைப்பை வேண்டுவனவே. எண்ணெயிட்டு உடலைப் பிடித்துவிடும் ‘தொக்கணம்’ தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் முதலாக ஒன்பது வகைப்படும். கன்னியாகுமரி, திருநெல்வேலிப் பகுதிகளில் வேரூன்றிய வர்ம மருத்துவமும் பக்கவாத நோயருக்குக் கைம்முறைகளை வகுத்துள்ளது. 1964இல் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்ட பின்னர் இவ்வறிவு கல்வி நிறுவனத்திற்குள்ளும் பயிலப்படுகிறது. மலைக்கு மேற்கே கேரளத்தில் கர்க்கடக மாதத்தில், அஃதாவது ஆடியில், எண்ணெய்ச் சிகிச்சை மேற்கொள்ளும் வழக்கம் உண்டு. குற்றாலத்திற்கு அண்மையிலுள்ள செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரையும் பின்னர்த் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தையும் சேர்ந்திருந்தமையால், இருபுற வழக்கங்களும் கலக்கும் நிலமாக இவ்வட்டாரம் விளங்கியது. நோயரை அழைத்துச் சென்று வாரக்கணக்கில் தங்கவைத்து எண்ணெய்ச் சிகிச்சை செய்விக்கும் குடும்பங்களில், உடன் தங்குபவர் சமைக்கவும் துவைக்கவும் காவலிருக்கவும் செய்தார். இடம் மாறியது; வேலை மாறவில்லை.

4. கோயிலின் தைலமும் ‘முறை’யும்

திருஞானசம்பந்தர் திருக்குற்றாலத்திற்கும் அங்குள்ள குறும்பலாவிற்கும் தனித்தனியே பதிகம் பாடியுள்ளார். அருவிக்கு அருகில் சங்கு வடிவில் அமைந்த குற்றாலநாதர் கோயிலைப் பற்றிய தலபுராணச் செய்தி ஒன்று நம் பொருளுக்கு நெருக்கமானது. திருமாலின் திருவுருவை அகத்தியர் தலையில் கைவைத்து அழுத்திச் சிவலிங்கமாக்கினார் என்றும், அதனால் இறைவனுக்கு உண்டான தலைவலி தணிய மூலிகைத் தைலம் சாத்தப்படுகிறது என்றும் கோயில் மரபு கூறும். தைலக்காப்பு இன்றும் அக்கோயில் வழிபாட்டின் தனிச்சிறப்பு. அத்தைலத்தை மருந்தாகக் கருதிப் பெற்றுச் செல்லும் அடியவரும் உளர்.

இதனை வரலாற்றுச் சான்றாகக் கொள்ள இயலாது. சமய மாற்றத்தின் நினைவு இதில் பொதிந்திருக்கலாம் என்னும் கருத்தும் உண்டு. இக்கட்டுரைக்கு வேண்டுவது வேறொன்று. தீராத நோய் ஒன்று இறைவனுக்கே உண்டு என்றும், அதனைத் தீர்க்க முடியாது, நாள்தோறும் தணிக்கத்தான் முடியும் என்றும் இத்தொன்மம் ஒப்புக்கொள்கிறது. நெடுநாள் நோயரைப் பேணுவதன் இயல்பும் அதுவே. அவ்விடைவிடாத பணியைக் கோயில் எவ்வாறு நடத்தியது என்பதே வினா. தமிழகக் கோயில்களில் பூசையும் பிற பணிகளும் உரிமையுடையோரிடையே நாள்கணக்கில், மாதக்கணக்கில் பங்கிடப்பட்டன. அப்பங்கே ‘முறை’ எனப்பட்டது. ஒருவர் முறை முடிந்ததும் மற்றவர் முறை தொடங்கும். பணி தடைபடுவதில்லை, பணிசெய்வோர் மாறுவர்.

இச்சொல் கோயிலோடு நின்றதன்று. குளத்துப் பாசனத்தை நம்பிய தென்மாவட்ட ஊர்களில் நீர் குறைந்த காலத்தில் வயல்களுக்கு ‘முறைத் தண்ணீர்’ விடப்படும். யாருக்கு எந்நேரம் மடை திறப்பது என்பதை ஊரே வரையறுத்துக்கொண்டது. தெய்வத்தின் பணிக்கும் நிலத்தின் நீருக்கும் முறை வகுத்த சமூகம், படுக்கையில் கிடக்கும் மனிதரைப் பேணும் பணிக்கு முறை வகுக்கவில்லை. கூட்டுக் குடும்பம் அதனைச் செய்தது என்பர். கூட்டுக் குடும்பத்தில் கைகள் பல இருந்தமை உண்மை. ஆனால் அக்கைகளுள் எவை நள்ளிரவில் எழுந்தன என்று கேட்டால், ‘முறை’ அங்குப் பெரும்பாலும் இளைய பெண்களைத் தாண்டிச் சென்றதில்லை என்பது விளங்கும். ஆதலின் பழைய குடும்ப அமைப்பை மீட்பதே தீர்வு என்னும் வாதத்தை எச்சரிக்கையோடு அணுக வேண்டும்.

மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் திருக்குற்றாலக் குறவஞ்சியிலும் இதன் சாயலைக் காணலாம். காதல் நோயுற்ற வசந்தவல்லியைத் தோழியர் சூழ்ந்து சந்தனம் பூசி வெம்மை தணிக்க முயல்கின்றனர். பின்னர்க் குறத்தி வந்து கைபார்த்து நோயின் காரணம் கூறுகிறாள். நோயுற்றவள், நோயறிபவள், மருந்து, அருகிருப்போர் ஆகிய நாற்கூறும் இங்கு அமைந்துள்ளன. நோயுற்றவளுக்கும் நோயறிபவளுக்கும் பெயரும் நீண்ட பாடல்களும் உண்டு. அருகிருப்போர் ஒரு கூட்டமாகவே நின்றுவிடுகின்றனர்.

5. சாரற்காலமும் ஓய்வுக்கு உரியோரும்

தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடக்கும் சூன் முதல் செப்டம்பர் வரையிலான காலத்தில், ஆரியங்காவுக் கணவாயை ஒட்டிய குற்றாலத்தில் நுண்மழை விட்டு விட்டுப் பெய்கிறது. இதுவே சாரல். சிற்றாற்றில் நீர் பெருகிப் பேரருவி, ஐந்தருவி, சிற்றருவி, புலியருவி, பழைய குற்றாலம் முதலிய அருவிகள் வீழ்கின்றன. ஏறத்தாழ 60 மீட்டர் உயரமுள்ள பேரருவி நேரே தரையில் விழுவதில்லை. நடுவிலுள்ள ‘பொங்குமாங்கடல்’ என்னும் பாறைக்குழியில் விழுந்து வேகம் தணிந்து இறங்குகிறது. மனிதர் அதனடியில் நின்று நீராட இயல்வதற்கு இந்த அமைப்பே காரணம்.

1801இல் கர்நாடகப் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிக்கு உட்பட்ட பின்னர்க் குற்றாலத்தின் தட்பவெப்பம் ஆங்கிலேய அலுவலரை ஈர்த்தது. கம்பெனி இங்குச் சாதிக்காய், கிராம்பு முதலிய நறுமணப் பயிர்களுக்குத் தோட்டங்கள் அமைத்தது. தாவரவியலாளர் இராபர்ட் வைட் 1830களில் இங்குத் தாவரங்களைத் திரட்டினார். சாரற்காலத்தில் தங்குவதற்கு அலுவலர் பங்களாக்கள் எழுந்தன. திருவிதாங்கூர் அரச குடும்பமும் இங்கோர் அரண்மனை வைத்திருந்தது. 1904இல் செங்கோட்டை வழியாகத் திருநெல்வேலியும் கொல்லமும் இருப்புப்பாதையால் இணைந்தன. 1927இல் விருதுநகர்–தென்காசிப் பாதை வந்தது. அதன் பின்னர் அலுவலருக்கும் அரசருக்கும் உரிய ஓய்விடம் நடுத்தர வகுப்பாருக்கும் எட்டியது. இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் குற்றாலத்தில் வாழ்ந்து நண்பர்களோடு கவிதை துய்த்த நாள்கள், ‘ஓய்வு’ என்பதற்குத் தமிழ் இலக்கிய உலகம் கொண்ட இனிய உருவகமாக இன்றும் நினைக்கப்படுகின்றன.

ஓய்வு எட்டாதோரும் இருந்தனர். தீண்டாமை ஒழிப்புப் பயணத்தில் 1934இல் குற்றாலம் வந்த காந்தியடிகள், ஒடுக்கப்பட்டோருக்கு அங்கு நீராடத் தடையிருந்ததை அறிந்து தாமும் நீராடாமல் திரும்பினார். 1939ஆம் ஆண்டின் சென்னை மாகாண ஆலய நுழைவுச் சட்டத்தோடு தடைகளின் சட்டப் பின்புலம் தளர்ந்தது. ஓரிடம் பொதுவாவது என்பது இயல்பாக நிகழ்வதன்று. யார் இங்கு வர இயலவில்லை என்று ஒருவர் கேட்டபோதே அது நிகழ்ந்தது என்பதற்கு இந்நிகழ்வு சான்று.

அதே வினாவை இன்று வேறொருவர் பொருட்டுக் கேட்கலாம். அருவிநீர் மூலிகைத் தன்மை உடையது, நோய் தீர்க்கும் என்னும் நம்பிக்கை பரவலாக உண்டு. பக்கவாத நோயருக்கு இதனை அப்படியே பரிந்துரைக்க இயலாது. குளிர்ந்த நீர் திடீரென உடலில் படும்போது தோலின் குருதிக்குழாய்கள் சுருங்கிக் குருதியழுத்தம் உயரும். உயர் குருதியழுத்தமோ பக்கவாதத்தின் தலையாய காரணங்களுள் ஒன்று. வழுக்கும் பாறை, கூட்ட நெரிசல், திடீர் வெள்ளம் ஆகியன பிற இடர்கள். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் சட்டெனப் பெருகிய வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டது. ஓடித் தப்ப இயலாதவருக்கு அருவிக்கரை பாதுகாப்பான இடமன்று. எனவே குற்றாலத்தின் பயனை அருவியில் தேடாமல் அதன் காற்றிலும், தங்கும் வசதியிலும், அன்றாடத்திலிருந்து விலகியிருத்தலிலும் தேட வேண்டியுள்ளது.

6. வேலூரும் ஆய்க்குடியும்

உடலியக்கம் இழந்தோர் குடும்பத்தோடு ஒன்றுகூடித் தங்கும் ஏற்பாட்டிற்குத் தமிழகத்திலேயே முன்மாதிரிகள் உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் நேர்ந்த சாலை விபத்தில் இடுப்பிற்குக் கீழ் இயக்கம் இழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயரின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்த அவர், நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966இல் வேலூரில் தொடங்கிய மறுவாழ்வு நிலையம் அவர் முயற்சியால் உருவானது. அங்குச் சிகிச்சை பெற்றுச் சென்றோர் ஆண்டுதோறும் மீண்டும் கூடும் ‘ரீஹாப் மேளா’ நடைபெறுகிறது. மருத்துவப் பரிசோதனையோடு விளையாட்டும் கலை நிகழ்ச்சியும் அதில் இடம்பெறுவதால், நோயர் என்னும் அடையாளம் சில நாள்களுக்குப் பின்தள்ளப்படுகிறது.

இரண்டாவது முன்மாதிரி தென்காசிக்கு அருகிலேயே உள்ளது. ஆய்க்குடியைச் சேர்ந்த எஸ். இராமகிருஷ்ணன் பொறியியல் மாணவராக இருந்தபோது, 1975இல் கடற்படை அலுவலர் தேர்வின் உடற்பயிற்சியில் கீழே விழுந்து கழுத்திற்குக் கீழ் இயக்கம் இழந்தார். தமக்கு மருத்துவம் செய்த மருத்துவர் அமர்ஜித் சிங் சாகலின் பெயரால், பன்னாட்டு மாற்றுத்திறனாளர் ஆண்டாகிய 1981இல் அமர் சேவா சங்கத்தை அவர் சொந்த ஊரில் நிறுவினார். தசைநலிவு நோயுற்ற பட்டயக் கணக்கர் எஸ். சங்கரராமன் 1992இல் அவரோடு இணைந்தார். இராமகிருஷ்ணனுக்கு 2020ஆம் ஆண்டின் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. முதுகுத்தண்டு பாதிப்புற்றோருக்கான மறுவாழ்வும், வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளின் வீடுகளுக்கே பணியாளர் சென்று பெற்றோரோடு இணைந்து பயிற்சி அளித்தலும் இச்சங்கத்தின் பணிகளுள் அடங்கும்.

இவ்விரு நிறுவனங்களையும் தோற்றுவித்தோர் தாமே உடலியக்கம் இழந்தவர்கள் என்பது எண்ணத்தக்கது. நோயுற்றவர் தம் அனுபவத்திலிருந்து நிறுவனம் கண்டார். பேணுபவர் அவ்வாறு நிறுவனம் காண்பது அரிதாக உள்ளது. அதற்கான நேரம் அவரிடம் இல்லை என்பதே எளிய விளக்கம்.

7. பேணுநர் பெயர்பெற்ற வரலாறு

பேணுபவர் தாமே பேசத் தொடங்கிய ஒரு தருணம் இங்கிலாந்தில் நிகழ்ந்தது. முதிய பெற்றோரைப் பேணுவதற்காகத் திருச்சபைப் பணியைக் கைவிட்ட மேரி வெப்ஸ்டர், 1963இல் தம் நிலையை நாளிதழுக்கு எழுதினார். அதே நிலையிலிருந்த பெண்கள் பலர் அவருக்கு மறுமொழி அனுப்பினர். 1965இல் மணமாகாத பெண்களுக்கும் அவரைச் சார்ந்தோருக்குமான தேசியக் குழு உருவாயிற்று. அவ்வியக்கத்தின் தொடர்ச்சியில் 1995இல் பேணுநரை ஏற்பதற்கான சட்டம் அங்கு இயற்றப்பட்டது. பக்கவாதத்திற்கெனத் தனி ஓய்வு முகாம்கள் 2004 முதல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்துப் பியோரியாவை மையமாகக் கொண்டு நடைபெறலாயின. நோயரும் பேணுநரும் ஒரு வார இறுதியைச் சேர்ந்து கழிப்பர். இருவருக்கும் தனித்தனி அமர்வுகளும் உண்டு. அண்டையிலுள்ள கேரளத்தில் 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய நோய்தணிப்பு இயக்கம், அண்டை அயலார் தன்னார்வலராக நோயர் வீடுகளுக்குச் செல்லும் வலைப்பின்னலாக வளர்ந்தது.

இந்தியச் சட்டங்களில் பேணுநர் மெல்லவே இடம்பெற்றார். 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் அமைந்த ‘சமர்த்’ திட்டம் இடைக்காலத் தங்கல் வசதியை அளிக்கிறது. ஆனால் தற்புனைவு, மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கிற்கே அச்சட்டம் உரியது. பக்கவாதம் அதில் அடங்காது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம், ஊதியம் பெற்றோ பெறாமலோ பேணும் குடும்பத்தாரையும் உள்ளடக்கிப் ‘பேணுநர்’ என்பதற்கு வரையறை தந்தது. உயர் ஆதரவு வேண்டுவோருக்குப் பேணுநர் படி வழங்குவதையும் குறிப்பிட்டது. பக்கவாதம் அதன் பட்டியலில் தனியே இல்லை. எனினும் அதன் விளைவுகளாகிய இயக்கக் குறைபாடும், மூளை பாதிப்பால் நேரும் பேச்சிழப்பும் அதில் அடங்கும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இயன்முறைப் பயிற்சியையும் நோய்தணிப்புப் பேணலையும் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. படுக்கையில் இருப்பவரை நாடி அரசு வந்தது பெரும் மாற்றம். வந்தவர் சென்ற பின்னர் எஞ்சும் மணி நேரங்கள் குடும்பத்தாருடையனவே.

8. முகாமின் இயல்புகள்

மேற்கண்ட வரலாறு, ராயகிரி போன்ற ஊர்களிலிருந்து நோயரையும் பேணுநரையும் குற்றாலத்திற்கு அழைத்துவரும் முகாம் எவ்வாறு அமைய வேண்டும் என்பதற்குச் சில தெளிவுகளைத் தருகிறது.

முதலாவது, காலம். சாரற்காலக் கூட்டமும் கார்த்திகை, மார்கழியில் வரும் ஐயப்ப பக்தர் கூட்டமும் நீங்கிய பிப்ரவரி, மார்ச் மாதங்கள் ஏற்றவை. அருவியில் நீர் குறைந்திருக்கும்; ஆயினும் இம்முகாமிற்கு அருவி இன்றியமையாததன்று. அறைகள் தரைத்தளத்தில் இருத்தலும், படிக்கு மாற்றாகச் சரிவுப்பாதையும், கழிப்பறையில் கைப்பிடியும் அமர்விருக்கையும் இருத்தலும் இன்றியமையாதவை.

இரண்டாவது, மாற்றுக் கைகள். பேணுநர் தம் நோயரோடு வந்து, தாமே ஊட்டி, தாமே துடைத்து, தாமே இரவு விழித்திருப்பாராயின் அது எண்ணெய்ச் சிகிச்சைத் தங்கலின் மறுபதிப்பாகும். பயிற்சி பெற்ற ஒருவர் அப்பணியை ஏற்று, பேணுநர் ஓர் இரவேனும் இடையறாது உறங்கும் வகையில் ஏற்பாடு அமைதல் வேண்டும். அவ்வாறு ஏற்பதற்குமுன் நோயரின் உணவு, மருந்து, அச்சம், குறிப்புமொழி ஆகியவற்றைப் பேணுநரிடமிருந்து கேட்டறிவதும் கடமை. பரிமேலழகர் கூறும் ‘அறிவுடைமை’ அவரிடமே உள்ளது.

மூன்றாவது, நோயரின் நிலை. ஓய்வு பேணுநருக்கு மட்டும் உரியதாக எண்ணப்படின் நோயர் சுமை என்னும் உணர்வுக்கு ஆளாவார். நெடுநாள் வீட்டிற்குள் இருந்தவருக்குப் புதிய முகங்களும், பேச்சிழந்தோர் பிறரைச் சந்திக்கும் வாய்ப்பும் ஓய்வே. இந்த இருமுக நோக்கை வேலூரின் மேளா முன்னரே காட்டியுள்ளது.

நான்காவது, திரும்பிச் சென்ற பின் நிகழ்வது. மூன்று நாள் உறக்கம் ஓராண்டுச் சோர்வைப் போக்காது. முகாமில் அறிமுகமாகும் குடும்பங்கள் ஊர் திரும்பியபின் தம்முள் முறை வகுத்துக்கொள்வதே அதன் நிலைத்த பயன். வாரத்தில் ஒரு பிற்பகல் ஒருவர் வீட்டில் மற்றவர் இருக்க, முன்னவர் சந்தைக்கோ கோயிலுக்கோ தம் மருத்துவரிடமோ சென்றுவரலாம். மகளிர் சுயஉதவிக் குழுக்களும் மருத்துவத் திட்டப் பணியாளரும் இம்முறையை ஒருங்கிணைக்க வல்லவர். ஆண்களும் இம்முறையில் பெயர் கொடுத்தாலன்றிப் பழைய பங்கீடே புதுப்பெயரில் தொடரும்.

இவ்வகைப் பேணலுக்கு ‘முறைமாற்று ஓய்வு’ என்னும் தொடரை இக்கட்டுரை முன்மொழிகிறது. ஓய்வு என்னும் சொல் மட்டும் நின்றால் அது பிறர் அளிக்கும் சலுகை போல் ஒலிக்கும். முறை என்னும் சொல் சேரும்போது, அடுத்தவர் வந்து நிற்க வேண்டிய கடப்பாடும் உடன் சுட்டப்படுகிறது.

9. முடிவுரை

திருக்குறள் பேணுபவருக்கு மருத்துவத்தின் நான்கில் ஒரு பங்கை அளித்தது. உரைமரபு அவர் கடமைகளை வகுத்தது. சித்த மருத்துவம் அவர் கைகளை நம்பியது. குற்றாலம் கோயிலாக, கம்பெனித் தோட்டமாக, அரசரின் ஓய்விடமாக, பொதுமக்களின் சாரலிடமாக மாறிய ஒவ்வொரு கட்டத்திலும் ஓய்வுக்கு உரியோரின் எல்லை விரிந்தது. ஆயினும் படுக்கையருகே இருப்பவர் அவ்வெல்லைக்குள் இன்னும் வரவில்லை. ஆய்க்குடியும் வேலூரும் நோயுற்றோர் முன்னின்று தம் இடத்தைப் பெற்றதைக் காட்டுகின்றன. பேணுவோர் முன்னிற்க வேண்டுமாயின் அவர் வீட்டில் சில மணி நேரம் வேறொருவர் இருக்க வேண்டும்.

குற்றாலநாதருக்குத் தைலம் சாத்தும் பணி ஒருவர் தோளில் மட்டும் ஏற்றப்பட்டிருப்பின் இத்தனை காலம் தடையின்றி நடந்திராது. அதே நெறியை ராயகிரியின் ஒரு தெருவிற்குக் கொண்டுவருவதே இவ்வரலாறு நம்முன் வைக்கும் பணி. அடுத்த சாரலுக்குப் புறப்படும் வேனில் இருவருக்கு இடம் ஒதுக்குவதற்கு முன்னர், அவ்விருவருள் ஒருவருக்கு மாற்றாக யார் நிற்பார் என்பதைத் தெருவார் பேசி முடிவுசெய்தல் வேண்டும்.